முதல் கல்லில் தொங்கிய கோரை

இந்தியாவும் பாகிஸ்தானும் ஆறுகளைப் பங்கு போட்டுக்கொண்ட செய்தியை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவில்தான் கேட்டேன். கம்பத்தில் கட்டியிருந்த அந்தக் குழாய் பாதி நேரம் கரகரக்கும், மீதி நேரம் ஊருக்கே கேட்கும்படி கத்தும். அன்றைக்குக் கத்தியது. மொத்தம் ஆறு நதிகளாம். மூன்று உனக்கு, மூன்று எனக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்று முழுச் செய்தியையும் கேட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். பிரிவினையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்களே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு ஊர்களுக்கு ஓர் ஏரித் தண்ணீரைப் பேசி முடிக்கத் துப்பில்லை.

அந்த இரண்டு ஊர்களும் என்னுடையவை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம், ஒன்று மேட்டில் இருக்கிறது, மற்றது பள்ளத்தில். மேல் ஊரில் பிறந்தேன், கீழ் ஊரில் வாழ்க்கைப்பட்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் இரண்டு ஊரிலிருந்தும் சண்டைக்கு வருவார்கள். ஓர் ஊரிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினால் மென்று துப்புவதற்குள் மற்ற ஊர் வந்துவிடும்.

மேல் ஊர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போகும். கலங்கல் என்பது ஏரிக்கரையில் ஓரிடத்தில் மட்டும் கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல் தளம். அதன்மேல் ஏறி வழிகிற தண்ணீர் ஓடைக்கால் வழியாக இறங்கி எங்கள் கீழ் ஊர் ஏரிக்கு வரும். தளத்தின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். கற்களின் இடைவெளியில் புல்கட்டியும் களிமண்ணும் திணித்து அடைத்துவிட்டால் மேல் ஊர் ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். மழைக்காலக் கடைசியில் அப்படி அடைப்பது வழக்கம்தான். எப்போது அடைக்கலாம் என்பதில்தான் சண்டை எல்லாம்.

அதற்கும் ஒரு மாமூல், காலங்காலமான வழக்கம், இருந்தது. மேல் ஊர் ஏரி சரளை மண், அங்கே கோரை முளைக்காது. எங்கள் ஏரி கருங்களி, கோரை இடுப்பு உயரத்துக்கு நிற்கும். எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்த பிறகு, ஊர் நீர்க்கட்டி ஒரு பிடி கோரையை வேர்மண்ணோடு பிடுங்கி மேல் ஊருக்கு எடுத்துப் போவார். மதகைத் திறந்து மூடுவதும் கழனிக்குக் கழனி முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும்தான் நீர்க்கட்டியின் வேலை. அவர் அந்தக் கோரையைக் கலங்கலின் முதல் கல்லில் கட்டித் தொங்கவிட்டால், எங்களுக்குப் போதும், இனி நீங்கள் தேக்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் மேல் ஊர்க்காரர்கள் மண்ணைத் தொட வேண்டும். பத்திரம் கிடையாது, முத்திரை கிடையாது. ஈரக் கோரைதான் இரண்டு ஊருக்கும் ஒப்பந்தம்.

என் தம்பி மேல் ஊர்ப் பஞ்சாயத்து மெம்பர். நன்றாகப் பேசுவான். ஸ்ரீபெரும்புதூரில் கூட்டம் என்றால் யாராவது அவனை மேடைக்கு ஏற்றிவிடுவார்கள். மேலே இருக்கும் மாநிலத்துக்காரன் பாலாற்றை மறித்துக்கொண்டான், கீழே இருக்கும் நாம் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று கையை நீட்டி நீட்டிப் பேசுவான். "மேல குந்திகினு கீறவனுக்குத்தான் ஆறு சொந்தமா? கீழ கீறவன் இன்னா பாவம் பண்ணான்?" என்று கேட்பான். கூட்டம் கை தட்டும். நானும் பெருமையோடு தட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வியைத் தன் ஊர்க் கலங்கலில் நின்று ஒரே ஒரு தரம் கேட்டிருந்தான் என்றால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

ரேடியோச் செய்தி வந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகத்தான் தொடங்கியது. மேல் ஊர் கலங்கல் வழிந்தது. எங்கள் ஏரி பாதிக்குமேல் வந்துவிட்டது. எங்களுக்கு இருந்தது கடைமடையில் ஒரே கழனி. அதில் விளைகிற சம்பா நெல்தான் எனக்கும் என் கணவருக்கும் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சாப்பாடு. ஏரி நிரம்பினால்தான் கதிர் முற்றும்வரை கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். பாதி ஏரித் தண்ணீர் முன்னால் இருக்கும் கழனிகளோடு நின்றுவிடும். அதனால் மழை பெய்யும்போதெல்லாம் நான் வானத்தைப் பார்த்ததில்லை, ஓடைக்காலைத்தான் போய்ப் பார்ப்பேன்.

தீபாவளிக்குத் தம்பி சீர் கொண்டுவந்தான். புடவை, பலகாரம், பிள்ளைகளுக்குப் பட்டாசு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் குவிந்து கிடந்த கோரையைப் பார்த்தான். கழனியில் களை எடுத்து நான் போட்டு வைத்தது.

"அக்கா, மாட்டுக்கு வூட்ல ஒண்ணுமில்ல. இத்த கொஞ்சம் எடுத்துகினு போட்டா?"

"இதக் கூடவாடா கேப்ப? எடுத்துகினு போ."

நானே ஒரு கட்டாகக் கட்டினேன். வேரில் சேறு அப்பியிருந்தது. "வேர அறுத்துடறேன் இரு, சைக்கிள் எல்லாம் சேறாவுது" என்றேன். "வோணாங்க்கா. வேரோட இருந்தா வாடாது" என்றான். கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியதும் நான்தான். அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். தம்பிமேல் அப்படிப் பாசம் எனக்கு.

அதன்பிறகு நாலைந்து நாளில் ஓடைக்கால் நின்றுவிட்டது. மழை விட்டிருந்தது, ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் நிற்காது. என் கணவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கற்களுக்கு நடுவே அடைத்தாகிவிட்டது, ஏரி ததும்பி நிற்கிறது, முதல் கல்லில் கோரை தொங்குகிறது என்றார். எங்கள் ஏரி அப்போதும் பாதிதான்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்போது செய்த மடத்தனத்தை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். மேல் ஊர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. கோரை நம் ஊரில் மட்டும்தானே முளைக்கிறது, அப்படியென்றால் நம்மில் ஒருவன்தான் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கோரைமேல் அவ்வளவு நம்பிக்கை. நேராக நீர்க்கட்டியை இழுத்துவந்து அம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். ஊரில் மேல்துண்டு போட உரிமை இல்லாத மனிதர் அவர். ஊர்த் தண்ணீர் மட்டும் அவர் கையால் பாயலாம்.

"நான் கட்டலீங்க சாமி. எம் புள்ளைங்க மேல சத்தியம். ரொம்பாத ஏரிக்கு நான் எதுக்குங்க கோரை கொண்டும்போறேன்?"

"பின்ன கோரை காலு மொளைச்சு நடந்து போச்சா?" என்று ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்தான். இன்னொருவன் புளிய விளார் ஒடித்துவந்தான். பெண்கள் நாங்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போதுதான் சைக்கிள் கேரியர் நினைவுக்கு வந்தது. வேரோடு இருந்தால் வாடாது என்றானே, அது நினைவுக்கு வந்தது. கூட்டத்துக்குள் புகுந்து, "அவர வுடுங்க. அது எங்க வூட்டுக் கோரை. மாட்டுக்குன்னு சொல்லி எந்தம்பி எடுத்துகினு போனான்" என்று கத்தினேன்.

விளார் கீழே போனது. அத்தனை கண்களும் என்மேல் திரும்பின.

"அக்காளும் தம்பியும் சேந்து ஆடுன ஆட்டமா இது?"

"பொறந்த ஊரு புத்தி எங்க போவும்?"

நீர்க்கட்டியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டவர் கிடையாது. அவர் முடியை ஒதுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "வாய மூடிகினு நின்னிருக்கலாம்ல?" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். "அந்த மனுஷன அடிச்சிருந்தா உங்களுக்கு ஆறியிருக்குமா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு தெருக்குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். என்மேல் ஒரு தவறும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தம்பிக்குப் புல்கட்டு கொடுப்பது துரோகம் என்றால் உலகத்தில் எந்தப் பெண்ணும் பிறந்த வீட்டோடு பேச முடியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்ததில் ஒரு ரெவின்யூ அதிகாரி ஜீப்பில் வந்தார். கலங்கலில் இரண்டு ஊரும் கூடின. தம்பி இளநீர் சீவிக் கொடுத்தான். அதிகாரி குடித்துக்கொண்டே முதல் கல்லைப் பார்த்தார். கோரை அதற்குள் பழுத்திருந்தது.

"கோரை வந்தா அடைக்கலாம்னுதானே மாமூல்? கோரை வந்திருக்கே. அப்புறம் என்ன தகராறு?"

நான் முன்னால் போனேன். "சார், கோரையப் பாத்தீங்க. கீழ வந்து எங்க ஏரியப் பாருங்க. அது ரொம்பிச்சான்னு பாருங்க சார். கூப்பிடற தூரம்."

"பொம்பளைங்கல்லாம் ஓரமா நில்லுங்க" என்றார். ஏரியைப் பார்க்கவில்லை. ஜீப் வந்த வழியே போய்விட்டது. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் இளநீர் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கலைந்து போகும்போது அவன் பக்கத்தில் போய், "ஏண்டா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "நான் எனக்காகவாக்கா செஞ்சேன்? ஊருக்காக" என்றான். மேடையில் பேசுகிற அதே குரல்.

கதிர் வெளியே வந்த நேரத்தில் கடைமடைக் கழனி காய்ந்து வெடித்துவிட்டது. அறுத்தோம், அடித்தோம், தூற்றினோம். காற்றில் போனதுதான் அதிகம், எல்லாம் பதர். என் கணவர் மண்ணூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு மண் மிதிக்கப் போனார். நானும் போனேன். மாமியார் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றினாள். தம்பி வீட்டில் அந்தத் தைக்குப் புது நெல் பொங்கல் பொங்கியிருப்பார்கள். எனக்கும் ஓர் ஆளிடம் பொங்கல் சீர் கொடுத்தனுப்பினான். அந்தப் புதுப் பச்சரிசியை நான் தொடவில்லை, வந்தவனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

கோடை வந்ததும் எங்கள் ஊர் ஆண்களுக்கு ரோஷம் வந்தது. வேண்டும்போது தரமாட்டான், வெள்ளம் வந்தால் மட்டும் நம் தலையில் திறந்துவிடுவானா என்று பேசினார்கள். இரண்டு ஊர் எல்லையில் ஓடைக்காலுக்குக் குறுக்கே பெரிய கரையாகப் போட்டு மறித்தார்கள். "இனிமே உங்க தண்ணியே எங்களுக்கு வோணாம்" என்று மேல் ஊருக்கு ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினார்கள். தண்ணீர் இல்லாமல் செத்தோம் என்று அழுதவர்கள் தண்ணீர் வருகிற வழியை அடைத்தார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு உன் தம்பி ஊரு நனையக் கூடாது, அதான்" என்றார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் மழை. விடாமல் அடித்ததில் மேல் ஊர் ஏரி தளும்பிக் கற்களை மூழ்கடித்துக்கொண்டு வந்தது. இறங்கிய தண்ணீர் எங்கள் கரையில் முட்டிக்கொண்டு மேற்கொண்டு போக முடியாமல் திரும்பி மேல் ஊர்ப் பள்ளத் தெருவுக்குள் ஏறியது. என் அம்மா வீடு அந்தத் தெருவில்தான். தம்பி மேட்டில் புது வீடு கட்டிப் போய்விட்டான், அம்மா மண்சுவர் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்தாள்.

காலையில் எல்லைக் கரைக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைமேல் நின்றார்கள். அந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் தம்பி நின்றான்.

"அக்கா, சொல்லுக்கா. கரைய வெட்டச் சொல்லு. வூடுங்க வுழுதுக்கா. அம்மா பரண் மேல குந்திகினு கீது. கூப்பிட்டா வர மாட்டேங்குது."

எங்கள் ஆட்களில் ஒருவன், "மொதல்ல கோரை கொண்டாரச் சொல்லு, அப்பால வெட்டலாம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கிறவன் மேலும் கோபம், தண்ணீரில் நிற்கிறவன் மேலும் கோபம். ஒருவனுக்குத் தாகத்தில் குரூரம், ஒருவனுக்கு வெள்ளத்தில் குரூரம், நடுவில் சாவது எல்லாம் பரண்மேல் இருக்கிறவர்கள். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பின்னால் நின்றிருந்தார். ஒரு வருஷமாக என்னோடு சரியாகப் பேசாதவர், "இந்தா" என்று தன் மண்வெட்டியை நீட்டினார்.

வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை. நாலு வெட்டு விழுந்ததும் என் கணவரும் இன்னொரு மண்வெட்டியோடு இறங்கினார். அடுத்து நீர்க்கட்டி வந்து, எங்கே வெட்டினால் கரை நம்மை இழுத்துக்கொண்டு போகாது என்று காட்டினார். வெட்டிய வாயில் தண்ணீர் பாய்ந்து எங்கள் ஏரிக்கு ஓடியது. தம்பியைப் பார்த்து, "உனக்காக வெட்டலடா. அம்மாவுக்காக வெட்டுனேன்" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ.

தெருவில் பாதி வீடுகள் கரைந்துபோயின. அம்மா வீடு நின்றது. மழை விட்ட பிறகு தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இனிமே கோரை வராம ஒரு புடி மண்ணு வெக்க மாட்டோங்க்கா. இது சத்தியம்" என்றான். எல்லைக் கரையை இரண்டு ஊரும் சேர்ந்து அகற்றின. அன்றைக்குக் கிடா வெட்டிச் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றை மட்டும் நான் சாப்பிட்டேன், நம்பித்தான் சாப்பிட்டேன்.

பிற்பாடு அந்த இரண்டு நாடுகளுக்கும் யுத்தமே வந்தது. குண்டு போட்டுக்கொண்டார்கள், தண்ணீர் ஒப்பந்தத்தை மட்டும் கிழிக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் அத்தனை ஷரத்து எழுதி, மத்தியஸ்தம் பண்ண ஆளையும் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் சொந்தக்காரர்கள். சொந்தத்தில் சத்தியம் போதும் என்று விட்டுவிட்டோம்.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மேல் ஊர் ஏரி எப்படியோ கலங்கல் மட்டத்துக்கு வந்து கற்களின் அடியைத் தொட்டது. எங்கள் ஏரியில் சேறுதான். ஓடைக்காலில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் வரத் தொடங்கி, மறுநாளே நின்றது. தீபாவளிச் சீரோடு வந்த தம்பியிடம் கேட்டேன். "மழ இல்லக்கா. நாங்க இன்னா பண்றது? எங்களுக்கே பத்தாது" என்றான். கோரை வராமல் மண் வைக்க மாட்டோம் என்று சத்தியம் பண்ணினாயே என்று கேட்டதற்குச் சைக்கிளைத் திருப்பினான். இந்தத் தடவை பொய்க் கோரை தேடுகிற சிரமம்கூட அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. மழை குறைவு என்பது நிஜம். குறைவாக இருப்பதையும் பாதி பாதி என்று பங்கு போடலாமே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவன் போன பிறகு ஏரிக்குப் போனேன். காய்ந்து மஞ்சளாகி நின்ற கோரையில் ஒரு பிடி பிடுங்கினேன். வேரில் இருந்த மண் புழுதியாக உதிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க மேல் ஊருக்கு நடந்தேன். முதல் கல்லில் அந்தக் காய்ந்த கோரையைக் கட்டினேன். ஈரக் கோரை போதும் என்று சொல்லும். இது என்ன சொல்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கலங்கலில் இறங்கி, கற்களுக்கு நடுவே திணித்திருந்த புல்கட்டியைக் கையால் பிடுங்கி எறிந்தேன். ஓர் இடைவெளி திறந்தது. இரண்டாவதும் திறந்தது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். தம்பியும் வந்தான். ஒருவனும் என்மேல் கை வைக்கவில்லை. பெண் பிள்ளைமேல் கை வைக்கக் கூச்சம், அதோடு அவர்கள் வீடுகளை நிற்கவைத்த கை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. அவள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"தம்பி வயித்துல அடிக்கிறியேடி, பாவி. நீ எங்க பொண்ணா, அந்த ஊரு பொண்ணா?" என்று கேட்டாள்.

நிமிர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. "போன வருசம் கரை மேல நான் இந்தக் கேள்வியக் கேட்டிருந்தா உன் வூடு நின்னிருக்காதும்மா" என்றேன்.

நான் குனிந்து மூன்றாவது இடைவெளியில் கையை வைத்தேன். புல்கட்டி பிய்ந்து வந்தது. தண்ணீர் என் கணுக்காலில் ஏறி, எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கியது.